லாபம், ரெண்டு, மூணு

எங்கள் பள்ளிக்கு வந்த பொம்மைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. தலை, கழுத்து, மார்பு, அவ்வளவுதான், இடுப்போடு முடிந்துவிடும். நெஞ்சின் நடுவே போதிய ஆழத்துக்கு அழுத்தினால் உள்ளேயிருந்து ‘டிக்’ என்று சத்தம் வரும். ஆழம் போதாவிட்டால் வாயே திறக்காது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை அது வந்தது. செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தது சபிஹா.

“படுத்த இடத்துலயே படுத்திருக்காரு. ஊரே சுத்தி நின்னு கவனிக்குது. அசைஞ்சு குடுக்குறாரா பாரு. வேற என்ன பேரு வைக்கிறது?” என்றாள்.

மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவர் அகிலாண்டம் சிஸ்டர். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பதினோராம் வகுப்பில் எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். பேச்சு மூச்சு இல்லாமல் ஒருவர் விழுந்துவிட்டால், 108 வண்டி வந்து சேரும்வரை அவர் நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பது எப்படி என்பதுதான் பாடம். எட்டுப் பேரில் சபிஹாவும் உண்டு, நானும் உண்டு. இரண்டாம் நாள் முடிவில் நான் இரண்டு நிமிடம் அழுத்தினேன். மாப்பிள்ளை இருநூற்றிருபது தடவை ‘டிக்’ சொன்னார். ஒன்றுகூடத் தவறவில்லை.

“நல்லது வானதி” என்றார் சிஸ்டர். பிறகு எல்லோரையும் பார்த்து, “ஆளுக்குப் பத்துப் பேர். நீங்கதான் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். மூணு வாரம் கழிச்சு, வெள்ளிக்கிழமை வருவேன். உங்களுக்குப் பரீட்சை கிடையாது” என்றார்.

எட்டுப் பேரும் கை தட்டினோம்.

“நீங்க சொல்லிக் குடுத்தவங்களுக்குத்தான் பரீட்சை.”

தட்டிய கைகள் அப்படியே நின்றன.

பத்தில் ஏழு பேராவது இரண்டு நிமிடம் சரியாகச் செய்ய வேண்டும். செய்துவிட்டால் அவர்களுக்குச் சொல்லித்தந்தவர் தை மாதம் சிஸ்டரோடு ஊர் ஊராகப் போகலாம். ஏழுக்குக் குறைந்தால் அந்தப் பத்துப் பேரும் வேறொருவரிடம் போய்விடுவார்கள். சொல்லித்தந்தவர் பதினோராவது ஆளாக அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். தை மாதம் போகப்போகும் முதல் இடம் எது என்றும் சிஸ்டர் சொன்னார். எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையம்.

அந்த முதல் இடத்துக்கு நான் போயே ஆக வேண்டும் என்று நினைத்தேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாசியில் அப்பாவின் சம்பா நெல் அங்கே வரிசையில் கிடந்தது. நான் காவலுக்கு உட்கார்ந்து அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். லோடுமேன் இராஜாங்கம் மாமா ஒரு மூட்டையை இறக்கிப் போட்டார், அதன் மேலேயே உட்கார்ந்தார், சாய்ந்தார். சுற்றி இருபது பேர் இருந்தோம். ஒருவர் சோடா வாங்க ஓடினார். ஒருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். நான் அறிவியல் நோட்டால் விசிறினேன். வண்டி வர பதினெட்டு நிமிடம் ஆயிற்று. பதினெட்டு நிமிடமும் கை ஓயாமல் விசிறினேன். மாமா பிழைக்கவில்லை. அந்தக் கையை வேறு எதற்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது சிஸ்டர் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

சரி, வேலைக்கு வருகிறேன். என் பத்துப் பேரும் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரே பேருந்தில் வருகிறவர்கள். மாப்பிள்ளை எட்டுக் குழுவுக்கும் பொது. எங்களுக்குப் புதன்கிழமை ஒரு பாடவேளை மட்டும். மற்ற நாட்களை வீணாக்கக் கூடாது என்று நான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினேன். இருபத்திரண்டு படிகள். ‘படி 1: சுற்றுப்புறம் பாதுகாப்பானதா என நோக்குக. படி 2: வீழ்ந்தவரின் தோள்களைத் தட்டி உரக்க அழைக்க. படி 3: மூச்சு உள்ளதா எனப் பத்து நொடிகளுக்குள் காண்க.’ முக்கியமான சொற்களுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. சிஸ்டர் ஆங்கிலத்தில் முப்பது முப்பதாக எண்ணியதையும் எல்லோருக்கும் புரியும்படி ஒன்று, இரண்டு என்று தமிழில் முப்பது வரை எழுதினேன். பத்துப் பேரும் பார்த்து எழுதினார்கள். தினமும் ஒப்பிக்கச் சொன்னேன். மூன்றே நாளில் ஒன்பது பேருக்கு மனப்பாடம்.

பத்தாவது ஆள் ராஜராஜன். அவன் எட்டாவது படியைத் தாண்டியதே இல்லை. “ஏன் வானதி, விழுந்தவன் நான் ஒப்பிச்சு முடிக்கிற வரைக்கும் இருப்பானா?” என்று கேட்டான். அதிகப் பிரசங்கித்தனம் என்று நினைத்து, மூன்று தடவை எழுதிவரச் சொன்னேன்.

புதன்கிழமை வந்தது. மாப்பிள்ளையைத் தரையில் கிடத்தினோம். அடுத்த பாடவேளை சபிஹா குழுவுக்கு. அவள் முன்கூட்டியே வந்து கடிகாரத்தோடு வாசலில் நின்றாள். முதலில் ஆஷிகாவை அழைத்தேன். வகுப்பில் அவளைப் போல் ஒப்பிக்க ஆள் கிடையாது.

“ஆஷிகா, ஒருத்தர் விழுந்துட்டாரு. ஆரம்பி.”

ஆஷிகா எழுந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். கூரையைப் பார்த்தபடி, “படி ஒன்று, சுற்றுப்புறம் பாதுகாப்பானதா என நோக்குக, படி இரண்டு…” என்று ஆரம்பித்து, ஒரு சொல் விடாமல் இருபத்திரண்டையும் சொல்லி முடித்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவள் காலடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்.

“மூணு நிமிஷம் ஆயிடுச்சு” என்றாள் சபிஹா. “மாப்பிள்ளை போய்ச் சேந்துட்டாரு. அடக்கம் எத்தனை மணிக்குடி?”

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சுட்டது. “ஒப்பிக்காதே, செய்!” என்று அதட்டினேன். ஆஷிகா மண்டியிட்டு, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று அழுத்தத் தொடங்கினாள். மாப்பிள்ளை ‘டிக், டிக்’ என்றார். பதினைந்து வரை எல்லாம் ஒழுங்கு. இருபதைத் தாண்டியதும் ஏதோ ஆயிற்று. ‘இருபத்து மூன்று’ என்று சொல்லி முடிக்கும்வரை கை காத்திருந்தது. ‘இருபத்தொன்பது’க்கு இன்னும் நேரம் எடுத்தது. நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது அழுத்த வேண்டும். சிஸ்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்த, ‘டக் டக்’ என்று நூற்றுப்பத்து அடிக்கும் சின்னக் கருவி ஒரு பக்கம் ஓட, ஆஷிகாவின் கை ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பதுபோல் போனது. அடுத்து வந்த பிரபுவும் அப்படியே. ஜாஃபர் சாதிக், ‘இருபத்தி’யோடு நிறுத்தி, “நாக்கு சுளுக்கிக்கிச்சு, ஒரு நிமிஷம்” என்றான்.

ராஜராஜன் முறை வந்தது. அவன் ஒப்பிக்கவில்லை. நேராக மண்டியிட்டான். மாப்பிள்ளையின் தோளைத் தட்டினான். “மாமா, மாமா! என்னா ஆச்சு?” என்று கத்தினான். மூச்சைப் பார்த்தான். “ஏலேய் பிரபு, 108-க்குப் போன் போடு!” என்றான். பிரபு நிஜமாகவே சட்டைப்பையைத் தடவினான். ராஜராஜன் முழங்கையை மடக்காமல் அழுத்தத் தொடங்கினான்.

“லாபம், ரெண்டு, மூணு, நாலு…”

வகுப்பு மறுபடியும் சிரித்தது. மாப்பிள்ளை ஒன்றுவிடாமல் ‘டிக்’ சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“நிறுத்து. அது என்ன லாபம்? ஒண்ணுன்னு ஆரம்பி.”

“ஒண்ணுன்னா கை வரமாட்டேங்குது வானதி.”

“இது என்ன நெல்லாடா? உயிரு. நோட்டுல இருக்கிற மாதிரி எண்ணு.”

அவன் ‘ஒன்று’ என்று ஆரம்பித்தான். வாயும் கையும் தனித்தனியாகப் போயின. பதினேழில் நின்றுவிட்டான். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து பையை எடுத்தான்.

“நீயே காப்பாத்திக்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று கணக்குப் பார்த்தேன். பத்தில் இரண்டு பேர் தேறியிருந்தார்கள். அந்த இரண்டும் அரைகுறை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கொள்முதல் நிலையத்துக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னார். குறுவை நெல் வரிசையில் கிடந்தது. மழை எப்போது இறங்குமோ என்று எல்லோரும் தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்தார்கள். ராஜராஜனின் அப்பாவும் அங்கே லோடுமேன்தான். விடுமுறை நாளில் இவனும் வந்துவிடுவான். லோடுமேன்களின் தலைவர் அல்லா பிச்சை, வெற்றுச் சாக்குக் கட்டு ஒன்றை அவன் முன்னால் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவன் ஒவ்வொரு சாக்காக விசிறி எண்ணினான்.

“லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது, பத்து.” ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தான். உடனே மறுபடியும், “லாபம், ரெண்டு, மூணு…”

எங்கள் பக்கத்தில் நெல்லை ‘ஒன்று’ என்று எண்ண ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு லாபம் என்றுதான் பெயர். மரக்கால் போய் மின் தராசு வந்த பிறகும் அந்த வாய் மாறவில்லை. மூட்டைக்கும் அதுதான், சாக்குக்கும் அதுதான். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அன்றைக்குத்தான் அதன் வேகம் காதில் விழுந்தது. பையிலிருந்து சிஸ்டரின் கருவியை எடுத்து முடுக்கினேன். டக், டக், டக். அவன் வாயும் அதுவும் சேர்ந்தே போயின. ஐம்பது சாக்கு முடியும்வரை எங்கேயும் பிசகவில்லை.

“பதினொண்ணு எங்கடா?” என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தான். முறைத்தான். பிறகு, கேட்டது கணக்கு என்பதால் பதில் சொன்னான். “பதினொண்ணு எதுக்கு? பத்து ஆனா ஒரு கல்லு. மறுபடி லாபம். பெரிய பெரிய நம்பரா சொன்னா வாய் இடறும், கை நிக்கும்.”

நான்கு நாளாக நான் தேடிய விடை அது. எழுத்தில் அழகாக இருக்கிறது என்று ‘இருபத்தொன்பது’ வரை எழுதி, பத்துப் பேர் கையையும் நான்தான் கட்டிப்போட்டிருந்தேன்.

“ராஜா, புதன்கிழமை நான் பேசுனது தப்பு.”

“ம்.”

“மாப்பிள்ளை அன்னைக்கு உனக்கு மட்டுந்தான் ஒழுங்கா டிக் சொன்னாரு.”

“அது எனக்குத் தெரியும். உனக்குக் கேக்கலையேன்னுதான் கோவம்.”

“வந்து எல்லாருக்கும் சொல்லிக் குடுக்குறியா?”

“நோட்டு எழுதணுமா?”

“வேணாம்.”

“அப்ப வர்றேன்.”

அல்லா பிச்சை மாமா இதையெல்லாம் பீடியைப் பற்றவைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். “நெஞ்ச அமுக்கிப் பழகணும்னா நெஞ்சு வேணும்ல புள்ள? ஒரே ஒரு மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு பத்துப் பேரு என்னா பண்ணுவீங்க?” என்றார்.

அங்கேயே ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. சாக்கில் நெல்லை நிரப்பி அழுத்தினோம், பாறை. வைக்கோல் வைத்தோம், கை அப்படியே முழங்கைவரை போனது. நெல் தூற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் பதர் மலைபோல் கிடந்தது. அதை நிரப்பினோம். அழுத்தினால் இறங்கியது, ஆனால் திரும்பி எழவில்லை. ராஜராஜனின் அப்பா எங்கிருந்தோ பழைய வண்டி டியூப் ஒன்றைக் கொண்டுவந்து, கொஞ்சம் காற்றடித்து, பதருக்கு நடுவே செருகினார். அழுத்தினேன். இறங்கியது, கையை எடுத்ததும் எழுந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், ஐந்து சென்டிமீட்டர்.

“ஆளு உசுரோடதான் இருக்கான்” என்றார் அல்லா பிச்சை மாமா. “இன்னும் நாலு பேரைப் பெத்துப் போடுங்கடா.”

திங்கட்கிழமை காலை ஐந்து பதர்ச் சாக்குகள் எங்களோடு பேருந்தில் ஏறின. நடத்துநர், “என்னப்பா இது? லக்கேஜா, பாசஞ்சரா?” என்றார்.

“பாசஞ்சர்தாண்ணே, மயக்கத்துல இருக்காங்க” என்றான் ஜாஃபர் சாதிக். “உக்கார எடம் குடுங்க.”

அதன் பிறகு ஒன்பது நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் கூடினோம். சாக்குக்கு இரண்டு பேர். ஒருவர் அழுத்த, மற்றவர் பத்துக்கு ஒரு கல் வைக்க, இரண்டு நிமிடம் ஆனதும் மாற்றிக்கொள்ள வேண்டும். கை வேலை முழுக்க ராஜராஜன் பொறுப்பு. தோளைத் தட்டுவது, மூச்சைப் பார்ப்பது, 108-ஐ அழைப்பது என் பொறுப்பு. ஆஷிகாவுக்கு மட்டும் தனிப் பயிற்சி. அவள் சாக்கின் முன் வந்து நின்றதுமே கை தானாகக் கட்டிக்கொள்ளும். அவள் அழுத்தும்போது நான் குறுக்கே நின்று கேள்வி கேட்பேன். “இந்தியாவின் தலைநகரம் எது? உன் அத்தா பேரு என்ன?” பதில் சொல்ல வாய் திறந்தால் கை நின்றுவிடும், நின்றால் முதலிலிருந்து. “வண்டி வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. யார் கூப்பிட்டாலும், எது கேட்டாலும்” என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்தது.

சொன்னபடி மூன்றாவது வார வெள்ளிக்கிழமை சிஸ்டர் வந்தார். கருவியின் ஒலி அவர் காதுக்கு மட்டும், வெளியே கேட்காது. சொல்லித்தந்தவர்கள் சுவரோரம் நிற்க வேண்டும். வாய் திறந்தால் குழுவுக்கே மதிப்பெண் போய்விடும். எங்களுக்கு முன்னால் மூன்று குழு. சபிஹா குழுவில் ஏழு பேர், சரியாக ஏழு பேர் தேறினார்கள். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் மேல் சாய்ந்தாள். மற்ற இரண்டில் ஒன்று ஐந்தோடு நின்றது. தவறியவர்கள் எல்லோரும் இருபதைத் தாண்டியதும்தான் திணறினார்கள்.

எங்கள் குழுவில் முதல் பெயர் ஆஷிகா.

போனாள். நின்றாள். கை பாதிவரை கட்டிக்கொண்டது. சட்டென்று கையை உதறி, மண்டியிட்டு, “என்னாங்க? என்னாங்க, கேக்குதா?” என்று மாப்பிள்ளையை உலுக்கினாள். ஜாஃபர் சாதிக்கைப் பார்த்து 108 என்றாள். அழுத்தத் தொடங்கினாள்.

“லாபம், ரெண்டு, மூணு…”

சிஸ்டரின் பேனா நின்றது. “என்னம்மா இது? ஒண்ணு எங்க?”

ஆஷிகா பதில் சொல்லவில்லை. “பத்து. லாபம், ரெண்டு…”

“உன்னைத்தான் கேக்குறேன். யாரு இப்படி எண்ணச் சொன்னது?”

ஆஷிகாவின் நெற்றியிலிருந்து வேர்வை மாப்பிள்ளையின் மேல் சொட்டியது. கை நிற்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு உதடு துடித்தது. சபிஹா என் கையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள். சிஸ்டர் கேட்பதை நிறுத்திவிட்டு, காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தலையை லேசாக ஆட்டத் தொடங்கினார். இரண்டு நிமிடம் முடிந்தது.

“நான் கேட்டப்போ ஏன் பதில் சொல்லல?”

“வண்டி வர்ற வரைக்கும் யார் கேட்டாலும் நிறுத்தக் கூடாதுன்னு வானதி சொல்லியிருக்கா சிஸ்டர்” என்றாள் ஆஷிகா, மூச்சு வாங்கியபடி. “இப்ப சொல்லட்டுமா? எங்க ஊர்ல நெல்லை இப்படித்தான் எண்ணுவாங்க.”

சிஸ்டர் பேனாவை மூடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தரையில் மண்டியிட்டு, மாப்பிள்ளையின் மேல் தாமே கையை வைத்து, “லாபம், ரெண்டு, மூணு” என்று வாய்விட்டு எண்ணி ஒரு நிமிடம் அழுத்திப் பார்த்தார். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

“இருபது வருஷமா இங்கிலீஷ்ல எண்ணிக்கிட்டிருக்கேன்” என்றார். “எனக்கே இருபதுக்கு மேல கொஞ்சம் இழுக்கும், யாருகிட்டயும் சொன்னதில்ல. அடுத்தது யாரு?”

எங்கள் குழுவில் எட்டுப் பேர் தேறினார்கள். ஜாஃபர் சாதிக் எல்லாம் ஒழுங்காகச் செய்து, 108-ஐ அழைக்க மட்டும் மறந்துபோனான். “எனக்கு முன்னாடி ஆஷிகா கூப்பிடச் சொன்னாளே, அந்த வண்டியே வந்துடும்னு நெனச்சேன் சிஸ்டர்” என்றான். பிரபுவுக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாக வந்த ராஜராஜனுக்கு இரண்டு நிமிடம் முடிந்தும் சிஸ்டர் நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டு, மற்ற ஏழு குழுவுக்கும் எண்ணிக்கை சொல்லித்தரும் வேலையை அவனிடம் கொடுத்தார்.

“நோட்டு எழுதணுமா சிஸ்டர்?” என்று கேட்டான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான்.

தை மாதம், சம்பா நெல் வந்து இறங்கிய முதல் வாரத்தில், சிஸ்டரோடு நாங்கள் கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். லோடுமேன்கள் பதினான்கு பேர். சொல்லித்தந்தவர்கள் நானும் என் பத்துப் பேரும். ஜாஃபர் சாதிக்குக்கும் பிரபுவுக்கும் அதற்குள் மறுபரீட்சை முடிந்திருந்தது. இராஜாங்கம் மாமா சாய்ந்த அதே இடத்தில் பதர்ச் சாக்குகளைக் கிடத்தினோம். எண்ணிக்கையை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ‘லாபம்’ என்று ராஜராஜன் ஆரம்பித்ததும் பதினான்கு பேரும் சேர்ந்துகொண்டார்கள். மூட்டை தூக்கும் கைகள். சாக்கு கிழிந்துவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது. இராஜாங்கம் மாமாவின் மனைவி, தூற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முறத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். “எனக்கும் கையை வச்சுக் காட்டு” என்றார். அவர் கைமேல் என் கையை வைத்து, நடு நெஞ்சு எது என்று காட்டினேன். இருவரும் சேர்ந்து பத்துக் கல்வரை எண்ணினோம்.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒரே ஒரு தொந்தரவு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அல்லா பிச்சை மாமா மூட்டைகளுக்கு நடுவே துண்டை விரித்துப் படுப்பது வழக்கம். படுத்துக் கண்ணை மூடினால் போதும், யாராவது ஓடிவந்து தோளைத் தட்டி, “மாமா, மாமா, கேக்குதா?” என்று கத்துவார்கள். ஒரே மதியத்தில் நான்கு பேர். நான்காவது நான்.

“ஏம் புள்ள, மனுசன் ஒரு அரை மணி நேரம் கண்ணசரக் கூடாதா?” என்று எழுந்து உட்கார்ந்து கத்தினார். “செத்தாத்தான் விடுவீங்க போலருக்கு!”

“செத்தாலும் விட மாட்டோம் மாமா” என்றான் ராஜராஜன், தூரத்திலிருந்து.

மறுநாள் நான் போனபோது அவர் படுத்திருந்தார். ஒரு அட்டையில் கரியால் எழுதி நெஞ்சின் மேல் வைத்திருந்தார்: ‘தூக்கம். மூச்சு வருது. தொடாதே.’

அட்டை ஏறி ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடி நின்று பார்த்துவிட்டு, அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன்.